நாலு சிலிண்டரும் 105: ஒரு சீனத்து அமுக்க சென்சரும் என் மொறிஸ் மைனரும்

முதலில் விலை. எங்கள் ஊரில் எந்தச் சாமானைக் காட்டினாலும் முதல் கேள்வி அதுதான். சென்சர், அதோடு வந்த ஹோஸ், இரண்டு பிளக் அடப்ரர், வயர் எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். வோல்ற் ஏறி இறங்குவதைக் கோடாகக் காட்டும், லப்ரொப்பில் செருகிப் பார்க்கும் இரண்டு சனல் ஒசிலோஸ்கோப் 24,000. கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சல் வந்த கூலி 600. மனிசிக்குச் சொன்ன விலை வேறு, அதை இங்கே எழுதவில்லை.

பெட்டியில் இருக்கும் கம்பனிப் பெயரையும் எழுதப்போவதில்லை. இதே சாமான் நாலைந்து பெயரில் விற்கிறது. 0 முதல் 300 பீஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அமுக்க அளவு) வரை அளக்கும், 5 வோல்ற்றில் வேலை செய்யும், அமுக்கம் இல்லாதபோது 0.5 வோல்ற்றும் முழு அமுக்கத்தில் 4.5 வோல்ற்றும் தரும் சாதாரண சென்சர்தான். அதைப் பிளக் ஓட்டையில் பூட்ட ஒரு ரப்பர் ஹோஸைச் சேர்த்து, "என்ஜின் ஆய்வுக் கருவி" என்று பெட்டியில் படம் போட்டிருக்கிறார்கள்.

இதை ஏன் வாங்கினேன் என்றால், என்னுடைய 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனருக்கு இழுவை இல்லாமல் போய்விட்டது. 948 சீசீ எஞ்சின், அப்பாவின் கார். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பாலங்கள் இருக்கின்றனவே. நாவற்குழிப் பாலத்தில் நாலு பேரோடு ஏறும்போது பின்னால் வந்த ஓட்டோக்காரன் கோர்ண் அடித்து முந்திப் போனான். அன்றைக்கே கராஜுக்குக் கொண்டுபோனேன்.

கராஜில் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் காற்று எத்தனை பீஎஸ்ஐக்கு அமுங்குகிறது என்று காட்டும் கொம்பிரசன் கேஜ் பிடித்தார்கள். 105, 104, 106, 105. "அண்ணை, றிங் முடிஞ்சுது. போர் அடிச்சு ஓவர்சைஸ் பிஸ்ரன் போடவேணும்" என்றார் மெக்கானிக். பிஸ்ரனைச் சுற்றி அமுக்கம் கசியாமல் பிடிக்கும் வளையம்தான் றிங்; அது தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்ரன் போடவேண்டும் என்கிறார். 185,000 ரூபாய்க்கு ஒரு துண்டும் எழுதித் தந்தார். மரியாதையான மனிதர், ஏமாற்றுகிற ஆள் இல்லை. கேஜ் சொன்னதைத்தான் அவர் சொன்னார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. 60 வருடத்துக்கு மேல் ஓடிய எஞ்சினில் நாலு சிலிண்டரும் ஒரே அளவாகத் தேயுமா? ஒன்று 120 காட்டும், ஒன்று 80 காட்டும், அதுதான் தேய்மானத்தின் வழக்கம். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பிளக் ஓட்டைக்குள்ளும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடியும் கேஜ் பிடித்தேன். றிங் போயிருந்தால் ஒயில் அந்த இடைவெளியை அடைத்துக் கணக்கு நன்றாக ஏறவேண்டும். 107 வந்தது. அவ்வளவுதான். ஆக, றிங் இல்லை.

அப்படியென்றால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று அப்பா. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாலு சொட்டுப் பெற்றோலைக் கார்ப்பரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மண்ணெண்ணெய்க்குக் கொம்பிரசன் கூடினால் எஞ்சின் தட்டும். அதற்காக அப்பா ஹெட்டுக்குக் கீழே ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கேஸ்கற் (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் வைக்கும் தகடு) போட்டு அமுக்கத்தைக் குறைத்தார் என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு யாராவது கழற்றினார்களா என்பது தெரியாது. நான் அப்போது கப்பலில் இருந்தேன்.

இரண்டாவது சந்தேகம், வால்வு ரைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு கராஜில் ரைமிங் செயினை, அதாவது பிஸ்ரன்கள் சுழற்றும் கிராங் சாப்ற்றோடு வால்வுகளைத் திறக்கும் காம் சாப்ற்றைச் சேர்த்துச் சுழற்றும் சங்கிலியை, மாற்றியிருந்தேன். ஒரு பல்லுத் தள்ளிப் போட்டிருந்தால் காற்று உள்ளே வரும் இன்லெற் வால்வு பிந்தி மூடும். பிஸ்ரன் மேலே வரத் தொடங்கிய பிறகும் காற்று வந்த வழியே திரும்பிப் போகும். அமுக்கம் நாலு சிலிண்டரிலும் ஒரே அளவாகக் குறையும்.

இரண்டுக்கும் கேஜ் ஒரே பதிலைத்தான் சொல்லும், 105. எவ்வளவு அமுக்கம் என்றுதான் அதற்குச் சொல்லத் தெரியும். எப்போது என்று சொல்லத் தெரியாது. கிராங் சாப்ற் எந்தப் பாகையில் நிற்கும்போது அந்த அமுக்கம் வந்தது, எந்தப் பாகையில் விழுந்தது என்று தெரிந்தால் இரண்டு சந்தேகத்தையும் பிரித்துவிடலாம். கேஸ்கற் தடித்தால் உச்சம் குறையும், ஆனால் வால்வுகள் திறக்கும் மூடும் இடங்கள் அசையாது. செயின் தள்ளியிருந்தால் எல்லா இடமும் சேர்ந்து பிந்தும்.

இது எனக்குப் புதிய விசயம் இல்லை. 22 வருடம் கப்பல் எஞ்சின் ரூமில் வேலை செய்தவன். அங்கே மாதத்துக்கு ஒரு தடவையாவது "கார்ட்" எடுப்போம். சிலிண்டர் தலையில் உள்ள சின்னத் திறப்புக் குழாயைத் (கொக்) திறந்து இண்டிகேற்றரைப் பூட்டுவது. உள்ளே ஒரு சின்னப் பிஸ்ரன், அதற்கு மேல் ஒரு ஸ்பிறிங், ஒரு ஊசி. பக்கத்தில் கடுதாசி சுற்றிய உருளை. அந்த உருளையை ஒரு கயிறு எஞ்சினின் அசைவோடு சேர்த்து முன்னும் பின்னும் சுழற்றும். அமுக்கம் ஊசியை மேலே தள்ள, பிஸ்ரனின் இடம் கடுதாசியைப் பக்கவாட்டில் நகர்த்த, ஒரு மூடிய கோடு வரும். அதன் பரப்பைப் பிளானிமீற்றரால் அளந்து அந்தச் சிலிண்டர் எத்தனை குதிரைவலு தருகிறது என்று கணக்குப் பார்ப்போம். ஜேம்ஸ் வாற்றின் உதவியாளர் ஜோன் சதர்ன் 1796இல் நீராவி எஞ்சினுக்குச் செய்த யோசனைதான் அது. நூறு பார் அமுக்கத்துக்கு மேல் போகும் கப்பல் டீசலிலும் நாங்கள் அதையே செய்துகொண்டிருந்தோம். கை சுடும், காது அடைக்கும்.

என் தங்கையின் மகள் கிளிநொச்சி அறிவியல் நகரில் எஞ்சினியறிங் படிக்கிறாள். லீவுக்கு வந்த அந்த மருமகளிடம் இதைச் சொன்னபோது, "மாமா, இப்ப அதுக்குக் கயிறு தேவையில்லை, ஒரு சென்சரும் ஒரு ஸ்கோப்பும் போதும்" என்றாள். அப்படித்தான் பார்சல் வந்தது.

இனிக் குறைகள். நிறைய இருக்கின்றன.

பெட்டியில் உள்ள துண்டில் ஒரு படமும் ஆறு வரி ஆங்கிலமும். அந்த ஆறு வரியில் முக்கியமான ஒன்றைச் சொல்லவே இல்லை. கூட வரும் ஹோஸ், கொம்பிரசன் கேஜுக்குப் போடும் அதே ஹோஸ். அதன் பிளக் பக்கத்து நுனிக்குள் ரயர் வால்வு போல ஒரு சின்ன வால்வு பின் இருக்கிறது. கேஜுக்கு அது வேண்டும். ஒவ்வொரு அடியிலும் ஏறிய அமுக்கத்தைத் திரும்ப விடாமல் பிடித்துவைத்தால்தான் முள் ஓரிடத்தில் நிற்கும். சென்சருக்கு அதுதான் எமன். முதல் நாள் எஞ்சினைச் சுற்றினோம், நாலைந்து படி ஏறிவிட்டுக் கோடு மதில் போல நேராக நின்றது. மருமகள் ஸ்கோப்பில் பிழை என்றாள், நான் வயரில் பிழை என்றேன். இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் வாதாடி, தேத்தண்ணியும் குடித்த பிறகுதான் ஹோஸின் வாயைப் பார்த்தேன். ரயர் கடைச் சாவியால் அந்தப் பின்னைக் கழற்றி எறிந்தோம். ஆனால் எறியவேண்டாம், பத்திரமாக வையுங்கள். ஹோஸ் மறுபடி கேஜுக்கு உதவும்.

இரண்டாவது குறை ஆபத்தானது. சென்சருக்கு மின்சாரம் எடுக்க இரண்டு முதலைக் கிளிப் தந்திருக்கிறார்கள், கார் பற்றரியில் கொளுவச் சொல்லி. புதிய காருக்குச் சரி. மொறிஸ் மைனர் பொசிற்றிவ் ஏத். பற்றரியின் கூட்டல் முனைதான் பொடியில் இருக்கிறது. கருவியின் கழித்தல் வயரோ சென்சரின் உலோக உடம்போடும் ஸ்கோப்பின் ஏத்தோடும், அதன் வழியாக லப்ரொப்போடும் சேர்ந்திருக்கிறது. சென்சரை எஞ்சினில் முறுக்கி, கறுப்புக் கிளிப்பைக் கழித்தல் முனையில் கொளுவினால் நேரடி ஷோர்ட். சென்சரும் போகும், மருமகளின் லப்ரொப்பும் போகும். நான் மோட்டர்சைக்கிள் பற்றரி ஒன்றைத் தனியாக வைத்துச் சென்சருக்குக் கொடுத்தேன். பழைய ஒஸ்ரின், மொறிஸ் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்.

பூட்டும் முறை சுலபம். ஒன்றாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் ஹோஸை முறுக்குவது. கழற்றிய பிளக்கை அதன் லீட்டில் செருகி எஞ்சின் உடம்பில் படும்படி வைத்துக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் கொயில் கெடும். மற்ற மூன்று சிலிண்டரில் எஞ்சின் ஓடும், நாலு கால் மாடு மூன்று காலில் நடப்பது போலக் குலுங்கிக் குலுங்கி. ஒன்றாம் சிலிண்டரில் நெருப்பு இல்லை. காற்று ஏறி அமுங்கி விரியும் கதை மட்டும் திரையில் ஓடும். நீண்ட நேரம் விடக்கூடாது. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயிலுக்குள் இறங்கும். நான் ஒரு தடவைக்கு 30 செக்கனுக்கு மேல் விடவில்லை.

சரியாகப் பூட்டிய பிறகு வந்த கோடு வடிவானது. இரண்டு கோபுரங்கள், நடுவில் பள்ளங்கள். ஒரு கோபுர நுனியிலிருந்து அடுத்த கோபுர நுனி வரை கிராங் இரண்டு சுற்று, அதாவது 720 பாகை. எஞ்சின் நிமிசத்துக்கு 800 சுற்று ஓடினால் அந்தத் தூரம் 150 மில்லிசெக்கன். ஒரு பாகைக்கு 0.2 மில்லிசெக்கனும் கொஞ்சமும். திரையில் நேரமாகத் தெரிவதை இப்படித்தான் பாகையாக மாற்றவேண்டும். கோபுர நுனி என்பது பிஸ்ரன் உச்சியில் நிற்கும் இடம். பிறகு பிஸ்ரன் இறங்க அமுக்கம் விழுந்து, காற்று மண்டல அமுக்கத்துக்கும் கீழே ஒரு சின்னக் குழி வரும். புகை வெளியேறும் எக்ஸோஸ்ற் வால்வு திறந்ததும் வெளியிலிருந்து வாயு உள்ளே பாய்ந்து குழி நிரம்பும். கோடு மேலே திரும்பும் அந்த இடம்தான் எனக்கு வேண்டியது.

ஆனால் அந்த இடம் தெரியவில்லை! குழி இருக்கவேண்டிய இடத்தில் மூன்று நாலு படிக்கட்டு. இங்கேதான் மலிவான ஸ்கோப்பின் குணம் தெரிந்தது. இது 8 பிற் ஸ்கோப். மேலிருந்து கீழ் வரை மொத்தம் 256 படிகள்தான் அதற்குத் தெரியும். கூட்டல், கழித்தல் இரண்டு பக்கமும் 5 வோல்ற்றைக் காட்டும்படி வைத்தால் ஒரு படி ஏறத்தாழ 3 பீஎஸ்ஐ. நான் தேடுகிற குழியின் ஆழமே 9, 10 பீஎஸ்ஐ. அதை மூன்று படியில் வரைந்தால் என்ன தெரியும்?

மருமகள் வேறு ஸ்கோப் வாங்கவேண்டும் என்றாள். எனக்குக் கப்பல் நினைவு வந்தது. புகை வெளியேறும்போதும் புதுக்காற்று உள்ளே வரும்போதும் உள்ள சின்ன அமுக்கங்களை (எக்ஸோஸ்ற், ஸ்கவெஞ்ச்) வடிவாகப் பார்க்கவேண்டுமென்றால் இண்டிகேற்றரில் பாரமான ஸ்பிறிங்கைக் கழற்றி மெல்லிய ஸ்பிறிங் போடுவோம். லைற் ஸ்பிறிங் கார்ட் என்று பெயர். உச்சம் மேலே முட்டி வெட்டுப்பட்டுப் போகும், போகட்டும். கீழே உள்ள சின்ன அசைவெல்லாம் பெரிதாகத் தெரியும். அதையே இங்கேயும் செய்தோம். ஸ்கோப்பை ஒரு வோல்ற் அளவுக்கு இறக்கினோம். கோபுரங்கள் பாதியில் தட்டையாக வெட்டுப்பட்டன. ஆனால் குழி இப்போது அரைப் பீஎஸ்ஐ சொச்சப் படிகளில் வழுவழுவென்று வந்தது. 24,000 ரூபாய்ச் சாமானுக்கு 60,000 ரூபாய் வேலை.

கோபுரம் வெட்டுப்பட்டால் உச்சி எங்கே என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் இரண்டாவது சனல். இந்தக் காரில் கிராங் சென்சர் என்று ஒன்று கிடையாது. கிராங் புளியில் (கிராங்கின் முன்னால் உள்ள பெல்ற் சில்லு) ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டி, எதிரே, காந்தம் கடக்கும்போது தெரிந்துகொள்ளும் ஒரு ஹோல் சென்சரைத் தகட்டில் பூட்டினேன். ரவுணில் 350 ரூபாய். ரொப் சென்ரரை, அதாவது பிஸ்ரன் உச்சியில் நிற்கும் இடத்தை, புளியில் உள்ள பழைய அடையாளத்தை நம்பிக் குறிக்கவில்லை. பிளக் ஓட்டைக்குள் ஒரு தடுப்புப் போல்ற்றை முறுக்கி, எஞ்சினைக் கையால் ஒரு பக்கம் சுற்றினால் பிஸ்ரன் அதில் முட்டி நிற்கும். அங்கே ஒரு கோடு. மற்றப் பக்கம் சுற்றினால் மறுபடி முட்டும். அங்கே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுதான் உண்மையான ரொப் சென்ரர். இதில் அவசரப்படக்கூடாது. குதிரைவலுக் கணக்கெடுப்பவர்களுக்கு இந்த ஒரு பாகை தவறினாலே கணக்கு ஐந்து பத்து சதவீதம் ஆடிவிடும். எனக்கு அவ்வளவு நுட்பம் தேவையில்லை, என்றாலும் பழக்கதோசம்.

இப்போது ஒரு புதிர். முழு அளவில் வைத்துப் பார்த்தபோது கோபுர நுனி ரொப் சென்ரர் அடையாளத்தில் வரவில்லை. அதைத் தாண்டி 3 பாகைக்கும் கொஞ்சம் பிறகு வந்தது. போல்ற் வைத்து அளந்ததில் பிழை விட்டுவிட்டேனோ என்று மறுபடியும் அளந்தேன். அதே இடம். எஞ்சின் வேகத்தை 1600க்கு ஏற்றிப் பார்த்தோம். நுனி ஏழரைப் பாகை பிந்தியது!

என் அளவில் பிழை இருந்தால் எந்த வேகத்திலும் அதே பாகைதான் பிழைக்கவேண்டும். வேகத்தோடு கூடுகிறது என்றால் பிழை பாகையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. மருமகள் ஹோஸை அடிமட்டத்தால் அளந்தாள், 30 சென்ரிமீற்றர். அமுக்கம் அந்த ஹோஸுக்குள் ஒலியின் வேகத்தில்தான் ஓடவேண்டும். 30 சென்ரிமீற்றரைக் கடக்க ஒரு மில்லிசெக்கனுக்குக் கொஞ்சம் குறைவு. 800 சுற்றில் அது 4 பாகை, 1600இல் 8 பாகை. சென்சர் உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் கடிதம் பிந்தி வருகிறது.

அப்படியென்றால் 3க்குப் பதிலாக 4, ஏழரைக்குப் பதிலாக 8 அல்லவா வரவேண்டும்? இந்தச் சொச்சத்துக்கும் அவளிடம் பதில் இருந்தது. அமுங்கிய காற்றுச் சூட்டைச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டும் றிங் பக்கம் கொஞ்சம் கசிந்துகொண்டும் இருப்பதால் அமுக்கத்தின் உச்சம் பிஸ்ரனின் உச்சிக்கு ஒரு பாகை அளவு முன்னாலேயே வந்துவிடுமாம். நான் 22 வருடம் கார்ட் எடுத்தும் இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆராய்ச்சிக் கூடங்களில் சுவிற்சர்லாந்தின் வின்ரர்தூர் நகரத்துக் கிஸ்லர், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஏவிஎல் போன்றவர்களின் குவார்ற்ஸ் சென்சர்களைச் சிலிண்டருக்குள்ளேயே முகம் பார்க்க வைப்பார்கள், எரியும் பிளக்குக்குள்ளேயே வைத்த சென்சரும் உண்டு. ஹோஸும் இல்லை, இந்தப் பிந்தலும் இல்லை. அந்த விலைக்கு என் காரைப் போல இன்னும் சில கார் வாங்கலாம்.

ஹோஸ் இன்னொரு பொய்யும் சொல்கிறது. கேஜில் 105 வந்த அதே சிலிண்டர், எஞ்சினை ஸ்ரார்ட்டரில் மட்டும் சுற்றியபோது சென்சரில் 90க்குக் கீழேதான் வந்தது. காரணம், 237 சீசீ காற்று வந்து அமுங்குகிற இடம் இந்த எஞ்சினில் 30 சொச்ச சீசீதான். ஹோஸுக்குள் இருக்கும் 6 சீசீயும் அதோடு சேர்ந்துகொள்கிறது. கேஜில் வால்வு பின் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை, சில அடியில் ஹோஸ் நிரம்பிவிடும். ஆகவே எவ்வளவு என்று அறிய 3,000 ரூபாய்க் கேஜே நல்லது. இந்தச் சென்சர் எப்போது என்று அறிய மட்டும்.

சரி, தீர்ப்புக்கு வருவோம். பழைய வேர்க்சொப் கையேட்டின்படி இந்த எஞ்சினில் எக்ஸோஸ்ற் வால்வு பிஸ்ரன் அடியைத் தொட 40 பாகை இருக்கும்போது திறக்கவேண்டும். அதாவது உச்சியிலிருந்து எண்ணினால் 140. வால்வு கொஞ்சம் எழும்பிய பிறகுதான் கோடு திரும்பும் என்பதால் 145 வரை விட்டுக்கொடுக்கலாம். எங்கள் திரையில் கோடு திரும்பியது 164இல். ஐந்து தடவை எடுத்தோம். 163, 164, 164, 165, 164. இன்லெற் பக்கத்து இறக்கமும் அதே அளவு பிந்தியிருந்தது. கேஸ்கற் தடிப்பு இப்படிச் செய்யாது. செயின் ஒரு பல்லுத் தள்ளி.

இரண்டு வருடமாக ஒருவருக்கும் ஏன் தெரியவில்லை என்றால், இந்த எஞ்சினில் பிளக்குகளுக்கு நெருப்பைப் பகிரும் டிஸ்ரிபியூற்றரைச் சுழற்றுவதும் காம் சாப்ற்தான். காம் பிந்தினால் நெருப்பும் பிந்தும். செயின் போட்ட கராஜில் ரைமிங் லைற் பிடித்து, நெருப்புச் சரியான இடத்தில் வரும்வரை டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி இறுக்கியிருக்கிறார்கள். நெருப்புச் சரியாகிவிட்டது, வால்வுகள் பிந்தியபடியே இருந்தன. அதற்குப் பிறகு எந்த மெக்கானிக் லைற் பிடித்தாலும் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

ரேடியேற்றரை இறக்கி, புளியைக் கழற்றி, முன் மூடியைத் திறந்தோம். இரண்டு பல்லுச் சில்லிலும் ஒவ்வொரு புள்ளி இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கவேண்டும். பார்க்கவில்லை. ஒரு பல்லு. மருமகள் படம் எடுத்தாள், விரிவுரையாளருக்குக் காட்டவாம். சரிபண்ணி, 900 ரூபாய்க்குப் புதிய கவர் கேஸ்கற் போட்டு, டிஸ்ரிபியூற்றரையும் மறுபடி திருப்பி வைத்தோம். சென்சரைப் போட்டுப் பார்த்தால் கோடு 146இல் திரும்பியது. கேஜ் பிடித்தால் 130, 129, 131, 130. றிங்குக்கு எழுதித் தந்த 185,000 ரூபாய்த் துண்டு இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது.

மூன்று மாதமாகப் பாவித்ததில் தெரிந்த மற்றச் சில்லறைக் குறைகள்: சூடானால் சென்சரின் பூச்சியம் நகர்கிறது. சோளகக் காற்று அடித்த நாளில்கூடப் பத்து நிமிசத்தில் 2 பீஎஸ்ஐ தள்ளிப்போனது. ஒவ்வொரு தடவையும் வெறும் காற்றில் வைத்துப் பார்த்துக் கழிக்கவேண்டும். அடப்ரரில் வந்த ஓ-றிங் இரண்டாவது கிழமையே நசிந்துவிட்டது. ஸ்ரான்லி வீதியில் 40 ரூபாய்க்கு நல்லது கிடைத்தது. லப்ரொப்பில் போடும் மென்பொருளைப் பற்றி எழுத எனக்கு இரத்த அழுத்தம் இடம் கொடாது. பாகையை அதில் குறிக்க வழியே இல்லை. மருமகள்தான் கணக்கை வேறு தாளில் போட்டு 720ஆகப் பிரித்துத் தந்தாள்.

டீசலுக்கு இதைப் பாவிக்கவே வேண்டாம். குருநகரிலிருந்து தெரிந்த ஒருவர் தன் வள்ளத்து எஞ்சினைப் பார்த்துத் தரச் சொன்னார். மாட்டேன் என்றேன். டீசல் கொம்பிரசன் மட்டுமே 400 பீஎஸ்ஐக்கு மேல் போகும், 300க்குச் செய்த சென்சர் வெடித்து முகத்துக்கு வந்தால் யார் பொறுப்பு? அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

ஒரு காரை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த 36,000 வீண்செலவு. பழைய கார்கள் வந்துபோகும் கராஜுக்கு, அதுவும் கொஞ்சம் கணக்குப் போடப் பொறுமையுள்ள பொடியன் ஒருவன் இருந்தால், ஒரு எஞ்சினைத் தேவையில்லாமல் இறக்காமல் விட்டாலே காசு திரும்பிவிடும். ஐந்துக்கு மூன்று புள்ளி கொடுப்பேன். அந்த வால்வு பின்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் மூன்றரை.

130 வந்ததும் மருமகளுக்குத் திருப்தி இல்லை. இந்த எஞ்சினுக்கு 145, 150 வரவேண்டும் மாமா, மிச்சம் எங்கே என்றாள். ரோச் அடித்து ஹெட்டும் புளொக்கும் சேருமிடத்தைப் பார்த்தோம். தூசைத் துடைத்தபோது ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு செம்பு விளிம்பு மினுங்கியது. கழற்றிவிடுவோமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நாவற்குழிப் பாலத்தில் இப்போது மூன்றாம் கியரில் ஏறுகிறது, அது போதும்.

இப்போது பக்கத்து வளவுக்காரர் தன் பழைய இறைப்பு மெசினைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் பிளக் ஓட்டை 18 மில்லிமீற்றர். பெட்டியில் வந்த அடப்ரர் 14உம் 12உம்தான். லேத் கடையில் ஒன்று கடையக் கொடுத்திருக்கிறேன், 1,200 கேட்டார்கள், வெள்ளிக்கிழமை தருவார்களாம்.